எல்லை நிலத்துக்குத்தான், உனக்கு இல்லை!

நிமிர்ந்து உட்கார். உன்னோடுதான் பேசுகிறேன்.

கொழிஞ்சாம்பாறையில் வீட்டுக்குள் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாக வளர்ந்த தம்பியே! வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, மலைப்பாதைப் பேருந்தில் குலுங்கிக் குலுங்கிக் கல்லூரிக்குப் போய்வரும் தங்கையே! வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் உன்னைக் ‘கேரளாக்காரப் பிள்ளை’ என்கிறார்கள். திருச்சூரில் போய் இறங்கினால் ‘தமிழா?’ என்று கேட்கிறார்கள். உன் மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்கிறதாம். உன் தமிழில் மலையாள இழுப்பு இருக்கிறதாம். நோட்டின் பின்பக்கத்தில் படம் வரைகிறாய், முன்பக்கத்தில் கதை எழுதுகிறாய், கைபேசியில் குறும்படம் எடுக்கிறாய். “எதையாவது ஒன்றை உருப்படியாகப் பிடி” என்று சித்தப்பா முதல் டீக்கடைக்காரர் வரை புத்தி சொல்கிறார்கள்.

கேட்டுக் கேட்டு நீயும் நம்பிவிட்டாய். மொழி இரண்டும் அரைகுறை, கலை எல்லாம் அரைகுறை, ஆகவே நானும் அரைகுறை என்று உனக்கு நீயே தீர்ப்பு எழுதிக்கொண்டாய்.

கிழித்துப் போடு அந்தத் தீர்ப்பை! அது பொய். பொய் என்பதற்கு உன் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. பாலக்காட்டு மண்ணில் பிறந்து, பிழைப்புக்காக டெல்லிக்குப் போய், ஒரு கையால் கேலிச்சித்திரம் போட்டு, மறு கையால் மலையாள நாவலின் போக்கையே திருப்பிவிட்ட ஒரு மனிதர் வாழ்ந்திருக்கிறார். ஓ.வி.விஜயன் என்று பெயர். அவர் எப்படிப் பிழைத்தார், எப்படிப் படைத்தார் என்பதை ஒழுங்காகத் தெரிந்துகொண்டால், இனி யாரும் உன்னை ‘அரைகுறை’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

தாமதமாகத் தொடங்கியவர்

1930 ஜூலை 2. பாலக்காட்டுப் பக்கத்து விளையஞ்சாத்தனூரில் பிறந்தார் விஜயன். அப்பா மலபார் சிறப்புக் காவல் படையில் அதிகாரி. பிள்ளையோ நோஞ்சான். உடம்பு ஒத்துழைக்காததால் வீட்டிலேயே பாடம் படித்தார். முறையான பள்ளிக்கூடத்துக்குள் அவர் கால் வைத்தபோது வயது ஏறக்குறைய பன்னிரண்டு. மற்றப் பிள்ளைகள் பந்து விளையாடிய வயதில் அவர் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்.

‘நான் தாமதமாகத் தொடங்கிவிட்டேன்’ என்று நீ எத்தனை முறை புலம்பியிருப்பாய்? இருபத்திரண்டு வயதில் ‘என் காலம் போச்சு’ என்கிறாயே, வெட்கமாக இல்லை? பன்னிரண்டு வயது வரை பள்ளிக்கூட மணியே கேட்காத அந்தப் பிள்ளை பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தார். கல்லூரி ஆசிரியரானார். 1958இல் டெல்லிக்கு ரயில் ஏறி, சங்கர் நடத்திய புகழ்பெற்ற கேலிச்சித்திர இதழான ‘சங்கர்ஸ் வீக்லி’யில் சேர்ந்தார். 1963இல் ‘பேட்ரியாட்’ நாளிதழ். 1967 முதல் எந்த அலுவலகத்துக்கும் கட்டுப்படாத சுதந்திரப் படைப்பாளி. ‘தி ஹிந்து’, ‘தி ஸ்டேட்ஸ்மன்’ என்று நாட்டின் பெரிய பத்திரிகைகளில் அவர் கோடுகள் வந்தன. ஹாங்காங்கிலிருந்து வெளிவந்த ‘ஃபார் ஈஸ்டர்ன் எகனாமிக் ரிவ்யூ’ வரை அவை போய்ச் சேர்ந்தன.

இதுவே ஒரு மனிதனுக்குப் போதுமான வாழ்க்கை. அவர் இதோடு நிற்கவில்லை.

பன்னிரண்டு வருஷம் எரிந்த அடுப்பு

பாலக்காட்டை ஒட்டித் தஸ்ராக் என்று ஒரு குக்கிராமம். 1956இல் விஜயனின் தங்கை சாந்தா அங்கே ஓராசிரியர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். விஜயனும் அந்த ஊரில் போய்த் தங்கினார். வயல், பனை, பள்ளிவாசல், ராவுத்தர்கள், ஈழவர்கள், ஊர்க்கதைகள், பேய்க்கதைகள் எல்லாம் அவருக்குள் இறங்கின. கையில் வேறொரு நாவல் திட்டம் இருந்தது, புரட்சியைப் பாடும் நாவல். அந்த நேரத்தில்தான் ஹங்கேரியில் மக்கள் எழுச்சி டாங்கிகளின் கீழ் நசுக்கப்பட்டது. அவருடைய நம்பிக்கைகள் ஆட்டம் கண்டன. போட்ட திட்டத்தை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

அந்த நாவல் முடியப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. 1968இல் ‘மாத்ருபூமி’ வார இதழில் தொடராக வந்து, 1969இல் நூலானது. பெயர் ‘கசாக்கின் இதிகாசம்’. அதற்குப் பிறகு மலையாள நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள், கசாக்குக்கு முன், கசாக்குக்குப் பின் என்று காலத்தைப் பிரித்துப் பேசத் தொடங்கினார்கள்.

இங்கே நிறுத்திக் கவனி, தம்பி. பாலக்காட்டுக் குக்கிராமத்தைப் பற்றிய நாவலின் பெரும்பகுதி டெல்லியில் உருவானது! காலையில் மந்திரிகளின் மூக்கையும் தொப்பியையும் வரைந்து சம்பளம் வாங்கிய அதே கை, மிச்ச நேரத்தில் தஸ்ராக்கின் காற்றை எழுதியது. ஊரை விட்டுப் போனதால் ஊர் அவரை விட்டுப் போகவில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்த்தபோது அந்த ஊர் அவருக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பிழைப்புக்காக ஊர் விட்டுப் போகிற ஒவ்வொருவனுடைய பெட்டியிலும் இப்படியொரு ஊர் இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை. அவர் திறந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்!

அந்த நாவலின் மொழி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? அகராதி பார்த்துச் செதுக்கிய சுத்த மலையாளத்திலிருந்தா? பாலக்காட்டுப் பேச்சிலிருந்து வந்தது. தமிழ் வாடை வீசும் எல்லைப்புறப் பேச்சிலிருந்து வந்தது. நீ எதை மறைக்கப் பார்க்கிறாயோ, எதற்காக நேர்முகத் தேர்வில் நாக்கைக் கடித்துக்கொள்கிறாயோ, அந்த வாடைதான் ஒரு மொழியின் நாவலுக்குப் புது ரத்தம் பாய்ச்சியது. உன் பக்கத்துச் சித்தூரைப் பார். மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம், சோகநாசினி ஆற்றங்கரையில் அங்கேதான் இருக்கிறது. மலையாளம் தன் தந்தையையே எல்லையோரத்தில் வைத்துக் கும்பிடுகிறது. எல்லையில் பிறந்த நீ ஏன் கூனிக் குறுகுகிறாய்? அந்த எழுத்தச்சன் பெயரில் கேரள அரசு தரும் உயரிய விருதை 2001இல் விஜயன் பெற்றார் என்பதையும் நினைவில் வை.

இரண்டு காளை, ஒரே நுகம்

‘இரண்டு வேலை பார்க்கிறவன் எதிலும் தேறமாட்டான்’ என்கிறார்களா? பாலக்காட்டுச் சேற்று வயல் காளைப்பூட்டை நினைத்துப் பார்க்கச் சொல். ஒற்றைக் காளையோடு அங்கே யாரும் ஓடுவதில்லை. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி, பின்னால் ஒருவன் பிடியை விடாமல் ஓடுகிறான். பிடி விட்டால்தான் சேற்றில் விழுவான்.

உன் குறை ஒன்றுக்கு மேற்பட்ட கலை இருப்பதில் இல்லை. பிடி தளர்வதில் இருக்கிறது! திங்கட்கிழமை ஓவியன், புதன்கிழமை எழுத்தாளன், வெள்ளிக்கிழமை இயக்குநர், ஞாயிற்றுக்கிழமை தூக்கம். ஒன்றையும் முடிப்பதில்லை. விஜயன் இரண்டையும் முடித்தார். ஒன்று சோறு போட்டது. மற்றொன்றைப் பசி தெரியாமல் பன்னிரண்டு வருஷம் வளர்க்க அந்தச் சோறு உதவியது. கேலிச்சித்திரத்தின் கூர்மை எழுத்துக்குள் வந்தது. எழுத்தின் ஆழம் கோட்டுக்குள் போனது. ‘தர்மபுராணம்’ என்ற அவருடைய நாவலைத் திறந்து பார். அதிகாரத்தை நிர்வாணமாக்கும் அந்தக் குரூரமான கேலி, கார்ட்டூனிஸ்ட்டின் கண்ணில்லாமல் வந்திருக்குமா? அது 1975 ஜூலையில் தொடராக வரவேண்டிய நாவல். ஜூன் 25ஆம் தேதி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தொடர் நின்றது. 1977இல் நெருக்கடி நிலை விலகிய பிறகுதான் பத்திரிகையில் வந்தது, 1985இல் நூலானது. பத்து வருஷம்! நீ ஒரு கதையை அனுப்பிவிட்டுப் பதினைந்து நாளில் பதில் வரவில்லை என்று பேனாவை மூடி வைக்கிறாய்.

சம்பாதிக்கும் கலை கேவலம் என்று நினைக்கிறவனும் கெடுகிறான். சம்பாதிப்பதே கலை என்று நினைக்கிறவனும் கெடுகிறான். கே.சி.எஸ்.பணிக்கரின் கதையைக் கேள். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர், இருபத்தைந்தாவது வயதில், 1936இல், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1957இல் அதே பள்ளிக்கு முதல்வர். 1960களில் எழுத்துகளையும் கணிதக் குறிகளையும் ஓவியத் துணிக்குள் கொண்டுவந்து, எழுத்து எது ஓவியம் எது என்று பிரிக்க முடியாத ‘சொற்களும் குறிகளும்’ வரிசையைப் படைத்தார். அவரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்து, 1966இல் சென்னைக்கு வெளியே கடற்கரை நிலத்தை வாங்கி ஓவியர்களுக்கென்று ஒரு கிராமத்தையே உண்டாக்கினார்கள். அதுதான் சோழமண்டலம். அரசு மானியத்துக்கும் புரவலருக்கும் காத்திருந்து கட்டியதா அது? கைவேலை விற்ற காசில் எழுந்தது! கல்யாணப் போட்டோ எடுத்துப் பிழைக்கிறாயா, ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறாயா, டியூஷன் சொல்லித் தருகிறாயா, தலையை உயர்த்திச் செய். அந்தக் காசு உன் அடுத்த படைப்பின் அரிசி.

“அவர் படித்தவர், நாங்கள்?”

கேட்பாய், தெரியும். “அப்பா போலீஸ் அதிகாரி, கையில் எம்.ஏ. பட்டம், அவரால் முடிந்தது. கொழுந்துக்கூடை சுமந்த அம்மாவின் பிள்ளை நான். என்னால் என்ன முடியும்?”

நியாயமான கேள்வி. சமமான ஓட்டமாக எதுவும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். உன் தாத்தனைத் தேயிலை நடக் கூட்டிவந்தார்கள், படிக்கவைக்கக் கூட்டிவரவில்லை. ஆனால் உன்னிடம் இருப்பதும் அவரிடம் இல்லை. தஸ்ராக்குக்கு அவர் விருந்தாளியாகப் போய்த் தங்கினார். லயத்துக்குள் நீ பிறந்தே இருக்கிறாய்!

2015 செப்டம்பரை மறந்துவிட்டாயா? மூணாறு வீதியில் போனஸ் கேட்டு இறங்கினார்களே தோட்டத்துப் பெண்கள், ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்டு! தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தங்களுக்காகத் தாங்களே பேசினார்கள். மாநிலமே திரும்பிப் பார்த்தது. இருபது சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பேசத் தெரியாதவர்கள் என்று ஊர் நினைத்த பெண்கள் அவர்கள். உன் அம்மாவுக்கும் அத்தைக்கும் இருந்த குரலில் பாதி உனக்கு இருக்காதா?

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள். செய்தி சில வாரம் ஓடியது. பிறகு வேறு செய்தி வந்தது. அந்த லயங்களில் யார் நன்றாகப் பாடுவார்கள், எந்த வீட்டுக் குழம்பு வாசம் பாதைவரை வரும், எந்தப் பிள்ளை எந்தச் சுவரில் கரியால் படம் போட்டது? நீ எழுதாவிட்டால் இதை எழுத வெளியூரிலிருந்து யார் வருவார்? வந்தாலும் அவருக்கு என்ன தெரியும்?

இலங்கை மலையகத்தைப் பார். 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தார் சி.வி.வேலுப்பிள்ளை. கவிதை எழுதினார், ஆங்கிலத்தில்! நாவல் எழுதினார், தமிழில்! பத்திரிகை நடத்தினார், தொழிற்சங்கத்தில் நின்றார், 1947இல் நாடாளுமன்றம் போனார். மறு ஆண்டே அவருடைய மக்களின் குடியுரிமையைச் சட்டம் பறித்தது. நாடு கைவிட்ட அந்த மக்களின் வாய்ப்பாடல்களை அவர் தேடித் தேடித் திரட்டிப் புத்தகமாக்கினார். கையில் குடியுரிமைச் சீட்டு இல்லாத மக்களுக்குக் கையில் ஓர் இலக்கியம் இருந்தது. இன்று தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் உடும்பன்சோலையிலும் எத்தனை ஒப்பாரி, எத்தனை தாலாட்டு, எத்தனை ஏலக்காட்டுக் கதை பாட்டிமார்களோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது? உன் கையில் இருக்கும் கைபேசியில் குரல் பதியும் பொத்தான் எதற்கு இருக்கிறது?

கை நடுங்கினாலும்

விஜயனிடம் திரும்புகிறேன். அவர் வாழ்க்கையின் கடைசி அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு, பிறகு உன் சாக்குகளைச் சொல்.

படம் வரைகிறவனுக்குக் கைதான் சொத்து. அந்தக் கைக்கே நோய் வந்தது. பார்க்கின்சன். நடுக்கம் வருஷா வருஷம் கூடியது. கோடு கைக்கு அடங்காமல் போகத் தொடங்கியது. அவர் முடங்கினாரா? ‘குருசாகரம்’ 1987இல் நூலாக வந்தது. அதற்கு 1990இல் சாகித்திய அகாதெமி விருது. 1994இல் ‘கசாக்’கை அவரே ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். வரிக்கு வரி மொழிமாற்றாமல், புதிதாகவே எழுதினார். அறுபதைத் தாண்டிய மனிதர், நோய்ப்பட்ட உடம்பு, கால் நூற்றாண்டுக்கு முன் முடித்த புத்தகம். அதை இன்னொரு மொழியில் மறுபடி பெற்றெடுத்தார்! 1997இல் கடைசி நாவல் ‘தலமுறகள்’. 2003இல் பத்ம பூஷண். 2005 மார்ச் 30 அன்று ஹைதராபாத்தில் கண் மூடினார். பிறந்த ஊர், சென்னை, டெல்லி, ஹைதராபாத் என்று எங்கெங்கோ வாழ்ந்தார். இன்றைக்குப் போய்ப் பார், தஸ்ராக்கில் அவருக்கு நினைவகம் நிற்கிறது. ஊரைச் சுமந்துகொண்டு அலைந்தவரை ஊர் தன் மடியில் வைத்துக்கொண்டது.

கதை அவரோடு முடியவும் இல்லை. ‘கசாக்கின் இதிகாசம்’ தமிழுக்கு வந்தது. கொண்டுவந்தவர் யூமா வாசுகி. பட்டுக்கோட்டைக்காரர். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவர். ஓவியர், கவிஞர், நாவலாசிரியர். அந்த மொழிபெயர்ப்புக்காக 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருது அவருக்குக் கிடைத்தது. வரையவும் எழுதவும் தெரிந்த ஒருவரின் புத்தகத்தை, வரையவும் எழுதவும் தெரிந்த இன்னொருவர் எல்லை தாண்டிக் கொண்டுவந்தார். இரு மொழியும் வீட்டிலேயே கிடைத்த நீ அந்த வேலையை எப்போது தொடங்கப் போகிறாய்?

இப்போது உன் முறை

உணர்ச்சிவசப்பட்டுக் கைதட்டிவிட்டுப் போகாதே. கைதட்டல் எனக்கு வேண்டாம். வேலையைக் காட்டு.

முதல் வேலை: வெட்கத்தை விடு. உன் பேச்சு எப்படி வருகிறதோ அப்படியே ஒரு பக்கம் எழுது. கோவிந்தாபுரம் சந்தையில் எப்படிப் பேசுவாயோ, போடிமெட்டு ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் எப்படிப் பேசுவார்களோ, அப்படியே. திருத்துவதை நாளைக்கு வைத்துக்கொள்.

இரண்டாவது வேலை: உன் மொழி உரிமையைத் தெரிந்துகொள். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசோடு தமிழிலேயே கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள இடம் தருகிறது. தமிழில் எழுதிய மனுவை நீட்டும்போது கை நடுங்க வேண்டாம். அது கெஞ்சல் இல்லை, சட்டம். அதே வேகத்தில் மலையாளத்தையும் எழுதப் படிக்க முழுசாகக் கற்றுக்கொள். அரைகுறை என்ற பட்டத்தை அழிக்க ஒரே வழி, இரண்டையும் முழுசாக்குவது.

மூன்றாவது வேலை: சோறு போடும் கலை எது, காலத்துக்கும் நிற்கப்போகும் கலை எது என்று பிரித்துக்கொள். முதலாவதுக்குப் பகலைக் கொடு. இரண்டாவதுக்குத் தினமும் ஒரு மணி நேரம் கொடு. பண்டிகையானாலும், பந்த் ஆனாலும், மழையில் கரண்ட் போனாலும் அந்த ஒரு மணி நேரம் உனக்கே சொந்தம். அதை யாருக்கும் கடன் கொடுக்காதே.

நான்காவது வேலை: முடி. முடிக்காத பத்தைவிட முடித்த ஒன்று பெரிது. அசிங்கமாக இருந்தாலும் முடி. பிறகு திருத்து. வேண்டுமென்றால் விஜயன் செய்தது போலத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு. எறிவதற்காவது கையில் ஒன்று வேண்டுமே!

ஐந்தாவது வேலை: ஊரை விட்டுப் போக நேர்ந்தால் தயங்காமல் போ. திருப்பூருக்குப் போ, கொச்சிக்குப் போ, துபாய்க்குப் போ. எலப்புள்ளியில் 1928இல் பிறந்த எம்.எஸ்.விசுவநாதன் சென்னைக்குப் போனதால்தான் தமிழ்நாட்டின் வீட்டுக்கு வீடு அவர் மெட்டு ஒலிக்கிறது. பாலக்காட்டில் பிறந்த இ.பி.உண்ணி வெளியே போனதால்தான் இந்தியப் பத்திரிகைக் கேலிச்சித்திரத்துக்கு இன்னொரு பாலக்காட்டுக் கோடு கிடைத்தது. போ! போகும்போது ஊரைப் பற்றிய நோட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு போ.

உலகம் உன்னிடம் பத்தாயிரம் பேர் சொன்னதையே திருப்பிச் சொல்லக் கேட்கவில்லை. சென்னைக்காரன் எழுதும் சென்னையையும் கொச்சிக்காரன் எழுதும் கொச்சியையும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வருகிற, தேயிலையும் பனையும் தெரிந்த, கோடும் எழுத்தும் பழகிய கை எத்தனை பேரிடம் இருக்கிறது? உன்னிடம் இருக்கிறது. அதைக் குறை என்று சொன்னவர்களுக்கு வாயால் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதே. முடித்த படைப்பைக் கொண்டுபோய் அவர்கள் மேஜை மேல் வை!

செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்தலாம், சரக்கைப் பிரித்துப் பார்க்கலாம், சீட்டுப் போடலாம். ஒரு வரியையும் ஒரு கோட்டையும் எந்தச் செக்போஸ்ட்டும் நிறுத்தியதில்லை. எழுந்திரு. இன்று ராத்திரியே முதல் பக்கத்தைத் தொடங்கு. பன்னிரண்டு வருஷம் ஆனால் ஆகட்டும்!